அக்டோபர் வாசிப்புக் கூட்டம்: ‘ஃபாரினர்’

நண்பர்களே, வணக்கம்.

அக்டோபர் 12, ஞாயிறு மாலை 4.30, நாகர்கோவில் வேப்பமூடு பூங்கா. மழை பிடித்தால் கூகுள் மீட். மதியம் 2 மணிக்குள் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1. படிக்க வேண்டியது சி. ஜே. செர்ரி எழுதிய அறிவியல் புனைகதை நாவல் ‘ஃபாரினர்’ (1994). தொடர் 20 புத்தகங்களைத் தாண்டிப் போகிறது. பயப்பட வேண்டாம், இப்போதைக்கு முதலாவது மட்டும்.

2. தொடக்கத்தில் விண்கப்பல் வழிதவறுவதும் ஆட்கள் தரையிறங்குவதும்தான். நாயகன் ப்ரென் கேமரன் மூன்றாம் பகுதியில்தான் தலைகாட்டுவான். அதற்குள் மூடி வைத்துவிடாதீர்கள். ராத்திரி அவன் படுக்கையறைக்குள் ஒரு ஆள் நுழைகிறது பாருங்கள், அங்கிருந்து ஓட்டம்தான்.

3. விவாதத்துக்கு: ஆட்டெவிகளிடம் (கதையில் வரும் வேற்றுக்கிரகவாசிகள்), முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு ஒருவரைக் கொல்வது சட்டத்துக்கு உட்பட்டது, அதற்கென்று சங்கமே உண்டு. இது போரைத் தடுக்கிறதா, வளர்க்கிறதா? (தடுக்கிறது என்பது என் கட்சி. சண்டைக்கு வாருங்கள்.)

4. கதையில் வரும் இலிசிடி பாட்டி பற்றிக் கூட்டத்துக்கு முன் இங்கே யாரும் உளறக் கூடாது.

5. தின்பதற்கு ஏத்தங்காய் சிப்ஸ் போதும்.

வருகிறவர்கள் வியாழனுக்குள் ‘சரி’ என்று போடுங்கள். மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் போகிறவர்களுக்காக 6.30க்கு முடித்துவிடலாம். புத்தகம் கிடைக்காதவர்கள் தனியாகச் செய்தி அனுப்புங்கள், என் பிரதியைத் தருகிறேன்.