முடிவைச் சொல்லாமல் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய வாசக நண்பர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் வாசித்த துப்பறியும் கதைகளையும் திகில் நாவல்களையும் மர்மக் கதைகளையும் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்வதற்காகச் சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் நாம் கூடிவரும் மாதச் சந்திப்பு, இவ்வாண்டுக்கான கடைசி அமர்வை நல்லபடியாக நிறைவு செய்திருக்கிறது. அதை ஒருங்கிணைத்தவன் என்ற முறையில் உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒவ்வொருவரையும் நேரில் கண்டு சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் செய்த உதவி என்னவென்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று விரும்பியதால் இதைப் பொதுமடலாகவே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். அதை மதித்து எவருடைய பெயரையும் எழுதவில்லை.

ஒரு கவிதையைப் பற்றிப் பேசும்போது அதை முழுதாகவே வாசித்துக் காட்டிவிடலாம். கேட்பவருக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை. மர்ம நாவல் அப்படியன்று. கொலை செய்தவர் இன்னார் என்று ஒரு சொல் வாய்தவறி வந்துவிட்டால், கேட்டவருக்கு அந்த நூலே இல்லாமல் போய்விடுகிறது. எதைச் சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்து பேசுவது எளிதன்று. நீங்கள் அனைவரும் அந்தக் கட்டுப்பாட்டை, எவரும் விதித்துச் சொல்லாமலே, கடைசிவரை காத்தீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட முடிவுகளைத் தேடித்தான் நம் உறுப்பினர்கள் அடுத்த வாரமே நூலகத்துக்குப் போனார்கள். இந்தச் சந்திப்பு உயிரோடு இருப்பதற்கு அதுவே முதற்காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

நெடுங்காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அக்காவுக்கு முதல் நன்றி. நஞ்சு வைத்துக் கொல்லும் கதைகளில் எது நடக்கக்கூடியது, எது நடவாதது என்று அவர் விளக்கிய மாலையை நம்மில் பலர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு வாய் குடித்ததும் சுருண்டு விழுவது திரைப்படத்துக்கு வசதியான காட்சி என்றும், பல நஞ்சுகள் வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் மரத்துப்போதல் என்று சாதாரண நோயின் வேடத்தில் வருவதால்தான் மருத்துவர்களும் தடுமாறுகிறார்கள் என்றும் அவர் சொன்னார். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் தாதியாகவும் பின்னர் அதன் மருந்தகத்திலும் வேலை பார்த்தவர் என்பதையும், 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் தொடங்கி அந்த மருந்தறிவு அவருடைய கதைகளுக்குக் கைகொடுத்தது என்பதையும் விளக்கிவிட்டு, 1977இல் லண்டனில் நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சியை அக்கா சொன்னார். கத்தாரிலிருந்து ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 19 மாதப் பெண் குழந்தைக்கு என்ன நோய் என்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அங்கே பணியில் இருந்த ஒரு தாதி அப்போது கிறிஸ்டியின் நாவலொன்றை வாசித்துக்கொண்டிருந்தார். கதையில் வரும் அறிகுறிகளும் குழந்தையிடம் கண்டவையும், குறிப்பாக முடி உதிர்வதும், ஒத்துப்போவதைக் கவனித்து, இது தல்லியம் நஞ்சாக இருக்கலாமே என்று தயங்காமல் சொன்னார். சோதித்தபோது அதுவே உண்மை என்று தெரிந்தது. வீட்டில் கரப்பான்பூச்சிக்கும் எலிக்கும் வைத்த மருந்திலிருந்து அது குழந்தையின் உடலில் சேர்ந்திருக்கலாம் என்று கருதப்பட்டது, குழந்தை தேறிக்கொண்டது. இதைக் கேட்டவர்கள் அனைவரும் எந்த நாவல், எந்த நாவல் என்று அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். இன்ன நஞ்சு என்று தெரிந்தால் பாதி மர்மம் போய்விடும், நீங்களே படித்து வரும்போது கண்டுகொள்வீர்கள் என்று சொல்லி, நாவலின் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் இங்கே அதை எழுதவில்லை.

ஈசூனிலிருந்து வரும் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தம் தாயார், தமிழ்நாட்டிலிருந்து கடைக்கு வரும் வார இதழில் தொடராக வந்த ஒரு துப்பறியும் கதையை வாராவாரம் கத்தரித்தெடுத்து, தடித்த நூலால் தைத்து, பழைய நாள்காட்டித் தாளை அட்டையாகப் போட்டு வைத்திருந்த தொகுப்பை அவர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தாள்கள் பழுத்து, தொட்டால் ஓரம் உதிரும் நிலையில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் பின்புறத்திலும் கூந்தல் தைல விளம்பரம், பாதியில் வெட்டுப்பட்ட சமையற்குறிப்பு, தலையில்லாத நகைச்சுவைத் துணுக்கு. கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. அந்த வாரத்து இதழ் கடைக்கு வந்து சேரவில்லையாம். கதை கேட்டுக்கொண்டிருந்த சிறுமியை ஏமாற்ற மனமில்லாமல், தாயார் தாமாகவே ஒரு முடிவைக் கட்டிச் சொல்லிவிட்டார். அந்த முடிவை நம்பியே அம்மா இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டுப் போன நம் உறுப்பினர் ஒருவர், சென்னைக்குச் சென்றிருந்தபோது பழைய புத்தகக் கடைகளில் தேடி, அந்தத் தொடர் நூலாக அச்சான பிரதியைக் கண்டெடுத்து வந்து, கடைசிப் பக்கங்களைத் தாமும் புரட்டிப் பாராமல் அம்மாவின் கையில் கொடுத்தார். அவருக்கு என் தலைவணக்கம். அடுத்த மாதம் அம்மா, “எங்கம்மா சொன்ன முடிவு வேற” என்று மட்டும் சொன்னார். இரண்டில் எது நன்றாயிருக்கிறது என்று கேட்டதற்கு, நூலைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் சொல்கிறேன் என்றார்.

இத்தகைய கதைகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பண்டித நடேச சாஸ்திரி 1894இலேயே தமிழில் துப்பறியும் கதை எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் எழுதியவற்றைப் படிப்பதற்காகவே வாசிப்புப் பழக்கத்துக்கு வந்தவர்கள் ஏராளம். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக் என்று நம் தலைமுறைகள் பெயர் சொல்லி வளர்ந்தன. தமிழை வாரத்தில் சில மணி நேரம் பள்ளியில் மட்டுமே காணும் பிள்ளைகள் உள்ள இந்த ஊரில், அடுத்த பக்கத்தைப் புரட்ட வைக்கும் எந்தத் தமிழ் நூலும் எனக்கு உயர்ந்த நூல்தான்.

ஓய்வுபெற்ற காவல்துறை ஐயாவுக்கு நன்றி. ஒரு சான்றுப்பொருள் எடுத்த இடத்திலிருந்து நீதிமன்றம் போகும்வரை யார் யார் கையில் இருந்தது என்பதற்குக் கையொப்பத்தோடு கணக்கு இருக்க வேண்டும், அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் வழக்கு தளர்ந்துவிடும் என்று அவர் சொன்ன பிறகு, கைக்குட்டையில் துப்பாக்கியைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் கதாநாயகர்களை நாம் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிட்டோம். உடல் கிடைக்காமல் கொலையை மெய்ப்பிக்க முடியுமா என்று மாணவி ஒருவர் கேட்டபோது அவர் சன்னி ஆங் வழக்கை எடுத்துச் சொன்னார். 1963இல் சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு அருகே சன்னி ஆங்கோடு முக்குளிக்கச் சென்ற இளம்பெண் கடலிலிருந்து திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரில் எடுக்கப்பட்டிருந்த பெருந்தொகைக் காப்பீடுகளும், பின்னர் கண்டெடுக்கப்பட்ட நீச்சல் துடுப்புக் காலணியின் வார் வெட்டுப்பட்டிருந்ததும் முக்கியச் சான்றுகளாயின. முழுக்க முழுக்கச் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே 1965இல் ஜூரிகள் சன்னி ஆங்கை ஒருமனதாகக் குற்றவாளி என்று முடிவு செய்தார்கள். 1967இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1970 முதல் ஜூரி முறையே இங்கு இல்லை என்பது நம் இளையர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. உண்மை வழக்குகளைப் பேசும்போது, இறந்தவரின் உறவினர் இதே ஊரில் இருக்கக்கூடும் என்பதை மறவாமல் பேசுங்கள் என்று ஐயா கேட்டுக்கொண்டார். அன்றுமுதல் அதை நம் சந்திப்பின் நெறியாகவே கொண்டிருக்கிறோம்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மாணவத் தம்பிக்கும் அவருடைய தோழிக்கும் தனி நன்றி. கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலில் கொலை செய்தது யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, அப்படியிருந்தும் கடைசிவரை நூலைக் கீழே வைக்க முடியவில்லை என்று தம்பி நல்ல தமிழில் விளக்கினார். தோழி எடுத்துச் சொன்ன ஒவிடியா யூவின் ‘தி ஃபிராஞ்சிபானி ட்ரீ மிஸ்டரி’ 1936ஆம் ஆண்டுச் சிங்கப்பூரில் நடக்கும் கதை. அதைக் கேட்ட மூத்தோர் தங்கள் பெற்றோர் சொன்ன அந்தக் காலத்து ஊரை நினைவுகூரத் தொடங்கினார்கள், பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள்.

துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிக்கு, விடுப்பு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வெடுக்காமல் இவ்வளவு தொலைவு வந்ததற்காக நன்றி சொல்கிறேன். இரவில் தங்கும்விடுதிக்குத் திரும்பியதும் கைபேசியில் ஓர் அத்தியாயம் வாசித்து, அதை அறைத்தோழர்களுக்குக் கதையாகச் சொல்லி, சரியான இடத்தில் நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவாராம். மறுநாள் சமையலறை வரிசையிலேயே, மேற்கொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டு வந்துவிடுவார்களாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் நம்மிடையே இல்லை.

நூலகத் தொண்டூழியர்களுக்கும் நன்றி. யாரோ ஒருவர் ஒரு நாவலின் முன்பக்கங்களிலேயே கொலையாளியின் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்ததைக் கண்டு, பிரதி முழுவதையும் புரட்டிப் பார்த்து அழித்துவைத்த அந்தச் சகோதரிக்கு, அதை இரவல் வாங்கிய அனைவர் சார்பிலும் நன்றி. நாற்காலி போட்டவர்களுக்கும், தேநீரும் பலகாரமும் கொண்டுவந்தவர்களுக்கும் அதே அன்பு உரியது.

புத்தாண்டில் சந்திப்புகள் வழக்கம்போல் தொடரும். முதல் அமர்வில் இலங்கை, மலேசியத் தமிழ் மர்மக் கதைகளைப் பற்றிப் பேசலாம் என்று உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். அவற்றை வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் பிறருக்கும் வாசிக்க நேரம் கிடைக்கும். சென்னையிலிருந்து வந்த அந்த நூலை அம்மா நம் சந்திப்புக்கே கொடுத்துவிட்டார். அது இப்போது மாணவத் தம்பியிடம் இருக்கிறது. அடுத்து வேண்டுவோர் அவரிடம் சொல்லிவைக்கவும்.

மிக்க நன்றியுடனும் அன்புடனும்,
சந்திப்பின் ஒருங்கிணைப்பாளர்,
சிங்கப்பூர்