அந்தச் சிவப்பு கருந்துளையின் நிறம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் அறிவியல் பக்கத்தில் வந்த எம் 77 என்ற விண்மீன் மண்டலத்தின் படத்துக்குக் கீழே 'செந்நிறத்தில் ஒளிரும் கருந்துளை' என்று போட்டிருந்தீர்கள். அது தவறு. அது அகச்சிவப்புப் படம், கண்ணுக்கே தெரியாத கதிர். நாம் பார்ப்பதற்காகப் பிறகு கொடுத்த நிறம்தான் அந்தச் சிவப்பு. ஒளிர்வதும் கருந்துளை இல்லை, அதைச் சுற்றியிருக்கிற சூடான தூசி.

மன்னார்குடிப் பக்கம் நெல் அவிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். உமி மூட்டத்தை மேலே பார்த்தால் வெறும் சாம்பல்தான், கையைக் கொஞ்சம் கிட்டே நீட்டினால்தான் உள்ளே கனல் இருப்பது தெரியும். கையில் படுகிற அந்தச் சூட்டில் பெரும்பங்கு அகச்சிவப்புதான். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, எம் 77 விண்மீன் மண்டலத்தின் மையம் அப்படித்தான் இருக்கிறது. 4 கோடியே 70 லட்சம் ஒளியாண்டு தூரத்தில், கருந்துளையில் விழுகிற வாயு கொதித்து வெளிச்சம் விடுகிறது, ஆனால் நடுவில் நிற்கிற தூசி வளையம் அதை விழுங்கித் தானே சூடாகி அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. உள்ளே இப்படி ஒன்று மறைந்திருப்பதை 1985-இல் அன்டோனுச்சி, மில்லர் என்ற வானியலாளர்கள் இருவரும் சிதறி வந்த ஒளியை வைத்துச் சொன்னார்கள். அப்புறம் சிலி நாட்டுப் பரனலில் நான்கு பெரிய தொலைநோக்கிகளின் அகச்சிவப்பை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, தூசி எங்கே எவ்வளவு சூடு என்று வரைபடமே போட்டு 2022-இல் வெளியிட்டார்கள். இவ்வளவு உழைப்பையும் ஒரு 'செந்நிறம்' மறைத்துவிடுகிறதே என்றுதான் எனக்கு வருத்தம்.

இந்த அகச்சிவப்பை நம் டெல்டாவிலிருந்து பார்க்க முடியாது. காற்றில் இருக்கிற நீராவியே அகச்சிவப்பில் பெரும்பகுதியைக் குடித்துவிடும், அதனால்தான் லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்து ஹான்லே போன்ற வறண்ட இடங்களைத் தேடிப் போகிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி விண்வெளியில் இருப்பதற்கும் இது ஒரு காரணம், அதிலும் தன் சூடே குறுக்கே வராமல் இருக்க ஒரு கருவியை மைனஸ் 266 டிகிரியில் வைத்திருக்கிறார்கள்.

இனி இப்படிப் படம் போடும்போது எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளம், நிறம் பிறகு கொடுத்தது என்று ஒரு வரி சேருங்கள். தை மாதம் இருட்டியதும் எம் 77 நமக்கு உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், சிறிய தொலைநோக்கியிலும் மங்கலாகத் தெரியும். சம்பா அறுத்த வயலில் நின்று பிள்ளைகள் தேடிப் பார்க்க அப்போது ஒரு வான்படமும் போட்டால் நல்லது.

- ஒரு வாசகி, மன்னார்குடி