20 டிகிரி எண் எங்கள் கூரைக்கு அடியில் செல்லாது

கரைப்பான், தின்னர், ஷூ சொல்யூஷன் (சோல் ஒட்டும் பசை) தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஆம்பூர் பக்கம் காலணித் தொழிற்கூடங்களில் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். டிரம்மோடு நீங்கள் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்: ஆவி அழுத்தம், அதாவது ஒரு திரவம் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்று காட்டும் எண்.

டொலுயின் என்ற கரைப்பானுக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் 22 மி.மீ. பாதரசம் என்றிருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் 20 டிகிரி. மே மாத மதியம் தகரக் கூரைக்கு அடியில் 20 டிகிரிக்கு நாங்கள் எங்கே போவது? 40 டிகிரியில் அதே டொலுயினுக்கு 59. ஏறக்குறைய 2.7 மடங்கு. திறந்து வைத்த சொல்யூஷன் டப்பாவிலிருந்து ஆவி கிளம்பும் வேகமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கூடும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கணக்குப் போடுபவர் உங்கள் 22-ஐ நம்பினால், வெயில் காலத்தில் காற்றோட்டம் போதாது. டொலுயின் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கப் பார்க்கும். சோல் ஒட்டும் பெண்கள் குனிந்து உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். ஃபேனோ சுவர் உச்சியில்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளின் 9-ஆம் அட்டவணையில் உள்ள படிவமே ஆவி அழுத்தத்தை 35 டிகிரியில்தான் கேட்கிறது. நம் ஊர் வெயில் தெரிந்தவர்கள் வகுத்தது. டொலுயினுக்கு அங்கே 47 என்று வர வேண்டும். அந்தக் கட்டத்தில் 20 டிகிரி எண்ணை எடுத்து ஒட்டுவது எப்படிச் சரியாகும்?

இதற்குத் தனிச் செலவும் பெரிதாக இல்லை. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 104-ஆம் சோதனை வழிகாட்டி குறைந்தது இரண்டு வெப்பநிலைகளில் அளக்கச் சொல்கிறது. 0 முதல் 50 டிகிரிக்குள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது என்கிறது. ஆய்வகம் அளந்த புள்ளிகள் கையில் இருந்தால் 35-க்கும் 40-க்கும் கணக்கிட்டுவிடலாம். தாளுக்கு வரும்போது மட்டும் ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது.

எனக்குப் பெரிய கவலை கலவைகள்தான். பல கரைப்பான் சேர்ந்த சொல்யூஷனுக்கு ‘தரவு இல்லை’ என்று முடித்துவிடுகிறீர்கள். உள்ளே ஹெக்சேன் என்ற கரைப்பான் இருந்தால்? தனி ஹெக்சேனுக்கு 20 டிகிரியிலேயே 121, 40-இல் 280. நாள்பட மூச்சில் போனால் கை கால் நரம்பைக் கெடுக்கும் பொருள் அது. கலவையையே அளக்க வேண்டும். அளக்குமுன் மாதிரியில் கரைந்திருக்கும் காற்றை நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் எண் தப்பாகக் கூடிவிடும்.

அடுத்த தாளில் 35, 40 டிகிரி மதிப்புகளையும், எந்த முறையில் அளந்தது என்பதையும் போடுங்கள். பிறகு அதைத் தமிழிலும் அச்சிட்டு டிரம்மோடு அனுப்புங்கள்.