அம்மாவின் காலைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

நிலக்கோட்டையில் பூக்கட்டும் என் அம்மாவுக்குப் போன மாதம் ஒரே ராத்திரியில் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்துவிட்டது. தொட்டால் சுட்டது. அன்று எங்களோடு நின்ற யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. பயத்தில் வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எதிர்வீட்டு அக்கா, எண்ணெய் காய்ச்சி நீவிவிட உட்கார்ந்த என்னை "கையை எடு, முதலில் டாக்டரிடம் காட்டு" என்று தடுத்தீர்கள். காலில் ரத்தம் உறைந்திருந்தால், நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் ஊர் டாக்டர் ஐயா இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்தார். இடது கால் 4 சென்டிமீட்டர் கூடுதல். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரத்த உறைவைச் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லி, அன்றைக்கே, ரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். திண்டுக்கல் வரை மேடு பள்ளம் பார்த்து ஓட்டிய ஆட்டோ அண்ணன், அங்கே தன் முறையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்த நிறைமாதப் பெண், இருவரையும் மறக்க மாட்டேன்.

அப்புறம், ஸ்கேன் பார்த்த டாக்டர் அம்மா. உங்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். தொடை இடுக்கில் தொடங்கி, விரலளவு நகர்த்தி நகர்த்திக் கருவியால் அழுத்தினீர்கள். நல்ல சிரை அழுத்தினால் தட்டையாகும், உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் மடங்காது என்று சொல்லி, என்னையும் திரையைப் பார்க்கச் சொன்னீர்கள். பக்கத்தில் தமனி துடித்துக்கொண்டிருக்க, சிரை ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மூடித் திறந்தது. ஒவ்வொரு முறை மூடும்போதும் எனக்கு மூச்சு வந்தது.

"உறைவு இல்லை" என்று எழுதி எங்களை அனுப்பியிருக்கலாம். வெளியே அவ்வளவு கூட்டம். நீங்கள் அம்மாவைக் குப்புறப் படுக்கச் சொல்லி, மறுபடி ஜெல் தடவி, முழங்காலுக்குப் பின்னால் தேடினீர்கள். அங்கே கறுப்பாக ஒரு நீர்ப்பை. பேக்கர் கட்டி என்றீர்கள். மூட்டுக்குள் ஊறிய நீர் பின்பக்கம் பிதுங்கிப் பையாகி, அது உடைந்து, நீர் தசைகளுக்கு இடையே இறங்கியிருக்கிறது. பார்க்க ரத்த உறைவு போலவே இருக்குமாம். அப்படி நினைத்து ரத்தம் இளக்கும் மருந்து கொடுத்திருந்தால் அந்த இடத்தில் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

மூட்டில் ஏன் நீர் ஊறியது என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்த தம்பிக்கும் நன்றி. முந்தைய வருடம் வேறோர் இடத்தில் படுக்கவைத்து எடுத்த படத்தைப் பார்த்து, மூட்டில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நீங்கள் அம்மாவைக் கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்லி எடுத்தீர்கள். உடம்பின் பாரம் இறங்கியதும், முழங்காலின் உள்பக்கம் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அநேகமாக இல்லை என்பது தெரிந்தது. முப்பது வருடம் தரையில் சம்மணமிட்டுப் பூக்கட்டிய கால் அது.

எலும்பு டாக்டரிடம் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன், கடன் வாங்கியாவது. "ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். அம்மாவுக்குத் தேய்மானம் இந்தப் படத்திலேயே தெரிகிறது, அதனால் வைத்தியம் மாறப்போவதில்லை. அந்தப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்குங்கள்" என்றார். ஐயா, வாங்கிவிட்டோம்.

வீக்கம் வடிந்துவிட்டது. தொடைத் தசைக்கான பயிற்சியை அம்மா காலையும் மாலையும் செய்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் எல்லோர் வீட்டுக்கும் ஒரு பந்து மல்லிகை வரும். நாற்காலியில் உட்கார்ந்து அவரே கட்டியது. மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பூக்கார அம்மாவின் மகள்