மண்டபத்துப் பையனின் பட்டம் பற்றி

கீழக்கரை

அன்புள்ள முனியசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுகளெல்லாம் கரையோடு கிடக்கின்றன. மராமத்து வேலை நடக்கிறது. கை சும்மா இருப்பதால்தான் உன் அக்கா மகனுக்கும் படிப்பு ஞாபகம் வந்திருக்கும்! பத்தாவதோடு படகேறியவன் இப்போது தபாலில் டிகிரி வாங்க நினைக்கிறான், எந்தப் பல்கலைக்கழகம் பழசு, எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். பழசு என்பது பெரிய விஷயமே இல்லை. ஆனால் பழைய கதை தெரிந்தால் எந்த இடத்தில் வழுக்கும் என்று பிடிபடும்.

1840-ல் பிரிட்டனில் எவ்வளவு தூரமானாலும் ஒரு பென்னி என்று தபால் கட்டணம் ஒரே சீரானது. பாடம் போகவும் எழுதிய தாள் வரவும் செலவு குறையவே, ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலிலேயே கற்பித்தார். திருத்தித் திருப்பி அனுப்பினாரே, அதுதான் கல்வி. புத்தகம் மட்டும் அனுப்பியிருந்தால் அது வெறும் வியாபாரம். 1858-ல் லண்டன் பல்கலைக்கழகம் இன்னொரு வழியைத் திறந்தது: எங்கே வேண்டுமானாலும் படி, நாங்கள் வைக்கும் தேர்வில் தேறினால் பட்டம். நம் கடலுக்கு அந்தப் பக்கம், கொழும்பில் 1921-ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1942 வரை இந்த லண்டன் தேர்வுக்குத்தான் மாணவர்களைத் தயார் செய்தது.

நம் நாட்டில் டெல்லி பல்கலைக்கழகம் 1962-ல் தபால் படிப்பை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் மதுரை 1971, அண்ணாமலை 1979, சென்னை 1981. இவை எல்லாம் அஞ்சல்வழிக் கல்வி. தொலைவிலிருந்தே படிப்பவர்களுக்கென்று அமைந்த முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஹைதராபாத்தில் 1982-ல் வந்தது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டியே 1985-ல் இக்னோவுக்கும், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் துணைவேந்தர். 1987-ல் இக்னோ இரண்டே டிப்ளமோக்களோடு, 4,528 பேரை வைத்துப் பாடம் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 2002-ல். 2004-ல் பாடம் ஒளிபரப்ப எஜுசாட் செயற்கைக்கோள் ஏவியபோது பெரிய பேச்சாக இருந்தது. எனக்கு அதில் அவ்வளவு மரியாதை கிடையாது. பாடம் எதில் ஏறி வந்தாலும் மாணவன் தடுக்கி விழுவது அங்கே இல்லை.

விழுவது அங்கீகாரத்தில். 1991 முதல் தொலைநிலைக் கல்வியை மேற்பார்வை பார்த்த கவுன்சில் இக்னோவுக்குள்ளேயே இருந்தது. பந்தயத்தில் ஓடுகிறவனே நடுவராகவும் நின்ற கதை. 2013-ல்தான் அந்தப் பொறுப்பு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கைக்குப் போனது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களுக்குப் பின்தேதியிட்டு வாங்கிய அனுமதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. படித்தவர்கள் நிலை என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசி. ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயர் போதாது. அவன் சேரும் பருவத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி உண்டா என்று யுஜிசி பட்டியலில் பார்க்க வேண்டும். பொறியியல், நர்சிங், பார்மசி எல்லாம் தொலைநிலையில் கிடையாது. யாராவது உண்டு என்றால் பணத்தைக் கொடுக்காதே.

உன் மருமகனுக்கு இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்று உண்டு; முடித்தால் பி.ஏ. சேரலாம். ஆனால் பத்து, பன்னிரண்டு, அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்று 2009 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டுவிட்டது. சேர்க்கும்போது இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. டி.என்.பி.எஸ்.சி. எழுதும் எண்ணம் இருந்தால் முதலில் தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை முடிக்கட்டும். விண்ணப்பத்தை அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் பதியலாம். கூடுதல் காலம் ஆகும், ஆகட்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. 132 கிரெடிட் உள்ள மூன்றாண்டு பி.ஏ. என்றால் 3,960 மணி. அதிகபட்சம் ஆறு ஆண்டு அவகாசம். அப்படி இழுத்தாலும் வாரத்துக்குச் சுமார் 13 மணி வருகிறது. வாரத்தில் மூன்று நாள் தொழிலுக்குப் போகிறவன் மீதி நான்கு நாளும் மூன்றேகால் மணி நேரம் உட்கார வேண்டும். முடியுமா என்று அவனையே கேள்.

வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைவுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். போன வருஷத்து வினாத்தாளுக்கு விடை எழுதிக் கொடுத்து மாட்டுகிறவர்கள் நிறைய. கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளச் சொல். மதிப்பெண் ஏறாமல் போனால் அந்த ரசீதுதான் பேசும். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜூன் 14-ல் தடை முடிகிறது, மறுநாளே எல்லாரும் கடலுக்குப் பாய்வார்கள், தேர்வும் அந்த நேரத்தில்தான். முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் ஒரு பருவம் போச்சு. வாடைக்காலத்தில் தொழில் மந்தம், ஆகவே கனமான தாள்களை டிசம்பருக்குத் தள்ளிக்கொள்வது நல்லது.

2024-லிருந்து சேர்க்கைக்கு டெப் ஐடி கட்டாயம்; யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண் அது. அதற்கு முதலில் டிஜிலாக்கரில் ஏபிசி ஐடி, அதாவது கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கு எண், எடுக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், சான்றிதழில் பின்னால், அல்லது அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். மாப்ளே, அவன் ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். திருத்த வேண்டியிருந்தால் தடைக்காலத்துக்குள்ளேயே இ-சேவைக்குப் போய் முடித்துவிடலாம்.

அன்புடன்,
காதர்