ரவ்லாவுக்கு முன்பதிவு அவசியம்

ஆசிரியருக்கு,

உம்ரா புனிதப் பயணக் கடமைகள் முடிந்து மக்காவிலிருந்து ஹரமைன் ரயிலில் அம்மாவோடு மதீனா போனேன். நபிகள் நாயகத்தின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவி முற்றத்தில் 250 ராட்சதக் குடைகள். அவை மாலையில் மெல்ல மடங்குவதை அம்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் பள்ளிவாசலுக்குள், நபிகளாரின் அடக்கத்தலத்துக்கும் உரைமேடைக்கும் இடையே உள்ள புனித இடமான ரவ்லா ஷரீஃபுக்குள் போக, சவுதி அரசின் நுசுக் செயலியில் முன்பதிவு வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நேரம். அழைத்துப்போனவர்கள் அதைச் சொல்லவே இல்லை. கடைசி நாள்வரை செயலியைத் திறந்து திறந்து பார்த்தும் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. வெளியே நின்று, அடக்கத்தலத்தின் மேலுள்ள பச்சைக் குப்பாவை (குவிமாடத்தை) பார்த்து ஸலாம் சொல்லி அம்மா அழுதார். இருபது வருட ஆசை அவருக்கு.

பயண ஏற்பாட்டாளர்களே, புறப்படும் முன்பே இதைச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு நீங்களே பதிவு செய்து கொடுங்கள்.

– ஒரு வாசகி