ஃபிளெக்ஸ் கிழிவதற்குள்: முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் 1965, 1971 போர்களைப் பார்த்தவர்கள் இன்று எண்பதை ஒட்டிய வயதுக்காரர்கள். ஒருவர் காலமானால் சங்கம் மலர்வளையம் வைக்கிறது. முச்சந்தியில் ஃபிளெக்ஸ் நிற்கிறது. படம், பெயர், 'முன்னாள் ராணுவ வீரர்', தோற்றம், மறைவு. அதோடு சரி. முதல் உலகப் போருக்குப் பின் நம் கிராமங்களில் பதித்த சலவைக்கல்லில், இந்த ஊரிலிருந்து 1914-1919 போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர் துறந்தவர் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். பெயர் இருக்காது. நூறு வருஷம் கழித்தும் நாம் அதே குறையோடுதான் வழியனுப்புகிறோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கருமாதிக்குள், அந்தப் பதினாறு நாளில், இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்கமாவது சரியாக எழுதிக் குடும்பத்திடம் கொடுங்கள்.

படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கிலிருந்து தொடங்குங்கள். படை எண், ரேங்க், ட்ரேடு (படையில் பார்த்த வேலை), சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, மெடல்கள் எல்லாம் அதில் உண்டு. பழைய ஆட்களுக்குக் கலர் சர்வீஸ் (படையில் நேரடியாகப் பணியாற்றிய காலம்), ரிசர்வ் சர்வீஸ் (வீட்டுக்கு வந்த பிறகு, கூப்பிட்டால் திரும்பப் போக வேண்டிய காலம்) என இரண்டு கணக்கு இருக்கலாம். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிடாதீர்கள். வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். லாமினேஷன் மட்டும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தால் தாளும் மையும் சேர்ந்தே வரும்.

ரேங்கில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. கையில் இரண்டு பட்டை இருந்தால் நாயக், மூன்று இருந்தால் ஹவில்தார். நாயக் என்பதைக் குடும்பப் பெயராக நினைத்து அச்சடிப்பவர்கள் உண்டு. சுபேதார் மேஜரை, அதிகாரி ரேங்கான 'மேஜர்' ஆக்கிவிடுகிறார்கள். ஹானரரி (கௌரவ) கேப்டன் என்றால் 'ஹானரரி'யையும் சேர்த்தே எழுத வேண்டும். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவருக்குக் கிடைக்கும் மரியாதை அது. அதை விட்டால் அவர் உழைப்புதான் மறைகிறது.

அடுத்தது மெடல். 1971-இல் பூர்வி ஸ்டார் கிழக்கு முனைக்கு, பஷ்சிமி ஸ்டார் மேற்கு முனைக்கு. பஷ்சிமி வாங்கியவரை 'வங்கதேசப் போரில் போரிட்டவர்' என்று எழுதினால் அவர் நின்ற களத்தையே மாற்றிவிட்டோம். சங்ராம் மெடல் அப்போது படையில் இருந்த எல்லாருக்கும் பொது; அதை மட்டும் வைத்துப் போர்முனைக்குப் போனார் என்று சொல்ல முடியாது. 1965-க்கும் இதே கணக்கு: சமர் சேவா ஸ்டார் களத்துக்கு, ரக்ஷா மெடல் பொது. மெடலை பிராஸோ போட்டுப் பளபளப்பாக்காதீர்கள். விளிம்பில் அவர் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க அது போய்விடும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

பழைய இன்லேண்டு கடிதங்கள் கிடைத்தால் முகவரியைப் பாருங்கள். ஏ.பி.ஓ. என்பது ராணுவ அஞ்சலகம். 99 ஏ.பி.ஓ. என்றால் கிழக்கு, 56 ஏ.பி.ஓ. என்றால் மேற்கும் வடக்கும். முத்திரைத் தேதியோடு சேர்த்தால் எந்த மாதம் எந்தப் பக்கம் இருந்தார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். கறுப்பு ட்ரங்குப் பெட்டி மூடியில் எண்ணும் ரேங்கும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் இருக்கும். பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து நெல் கொட்டி வைப்பதற்குள் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் சேர்ந்தால்கூடப் பாதி ஆள்தான் கிடைப்பார். முப்பத்தைந்து, நாற்பது வயதில் பென்ஷனோடு வந்து, இன்னும் நாற்பது வருஷம் உழைத்தவர் அவர். எந்த பேங்கில் துப்பாக்கியோடு காவல் நின்றார், எந்தக் கம்பெனியில் இரவு ஷிஃப்ட், எந்த வருஷம் கிணறு வெட்டினார், எந்தப் பிள்ளையின் படிப்புக்கு எதை அடகு வைத்தார்? இவை எந்த ரெக்கார்டு ஆபீஸிலும் இல்லை, வீட்டம்மாவுக்குத்தான் தெரியும். துக்கம் விசாரிக்கிற கூட்டத்தில் கேட்காதீர்கள். பத்து நாள் கழித்து, மகளோ மருமகளோ பக்கத்தில் இருக்க, மெதுவாகக் கேளுங்கள். 'எப்படிப்பட்டவர்?' என்றால் 'நல்லவர்' என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். 'மணியார்டர் எவ்வளவு வரும்? ரெண்டு மாச லீவில் வந்தால் முதலில் என்ன வேலை பார்ப்பார்? மூத்தவன் பிறந்தபோது எங்கே இருந்தார்?' என்று கேட்டால் ஒவ்வொன்றாக வரும். அவர் இல்லாத பத்து மாதமும் வயலையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மாதான். அந்த அம்மா பெயர் இல்லாத குறிப்பு பொய்க் குறிப்பு என்றே சொல்வோம்.

தேசியக் கொடி பற்றியும் ஒரு வார்த்தை. அரசு, ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில்தான் உடல்மீது போர்த்தலாம். காவி தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைச் சிதையிலோ குழியிலோ விடக் கூடாது. வீட்டில் இயற்கையாக இறந்தவருக்குக் குடும்பமே கொடி போர்த்துவதைக் கொடிச் சட்டம் அனுமதிக்கவில்லை. பாசத்தில் செய்கிறார்கள், அதனால் சங்கத்து மூத்தவர்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அதே நாட்களில் பென்ஷனையும் பாருங்கள். இறப்பை பேங்குக்கோ, ஸ்பர்ஷ் என்ற படைவீரர் பென்ஷன் இணையதளத்திலோ உடனே தெரிவிக்காமல் அவர் கணக்கில் வந்த பணத்தை எடுத்தால், பிறகு அதைப் பிடித்துக்கொள்வார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுபோகும். ஓர் எழுத்து போதும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஜெராக்ஸை எடுத்துப் போங்கள். அசல் புத்தகத்தைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு, கையோடு திரும்ப வாங்கி அந்த அம்மாவிடமே கொடுங்கள்.

குறிப்பை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சங்கத்துக்கு, ஒன்று அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு. ஃபிளெக்ஸுக்கு வசூலித்ததில் மிஞ்சும் பணமே இதற்குப் போதும்.